லைனர் கழுவிய தண்ணீர்

நவம்பர் 10, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. செனாய்க்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்து பத்து நிமிடம் தாமதம்.

புது நோட்டு. ஃபாரா கொடுத்த வேலை. எனக்குக் கால் செய்து கொடுத்த பெண். போன மாதச் சோதனையில் தோல் கொஞ்சம் சிவந்திருக்கிறது என்று முகம் சுளித்தாள். தினமும் எழுத வேண்டுமாம்: எத்தனை மணி நேரம் போட்டேன், எத்தனை காலுறை, தோல் எப்படி. சரி. நடுவில் வேறு எதையாவது எழுதி வைத்தாலும் பாதகமில்லை, அவளுக்குத் தமிழ் தெரியாது.

சுருக்கம்: செ.கா. = செயற்கைக் கால். கு.கா. = குட்டைக்கால். இடது முட்டிக்குக் கீழே சர்க்கரை எனக்கு விட்டுவைத்த ஒரு சாண். பெயர் வைத்தது அமுதா. என் மனைவிக்குப் பெயர் வைப்பதில் கெட்டிக்காரத்தனம்.

காலை 5.00 எழுந்தேன்.
குளியல். நீறு. லைனர் (கு.கா. மேல் உருட்டி மாட்டும் சிலிக்கான் உறை). அதன் மேல் காலுறை 2. செ.கா.
பூட்டும்போது எட்டு 'டிக்'. லைனர் அடியிலுள்ள ஆணி முழுதாக இறங்கியது.
போட்ட நேரம்: 5.40 முதல் மாலை 6.30.
தோல்: நன்று.

மதிய இடைவேளையில் ஒரு போன். ஆயர் ஈத்தாமில் இருக்கும் முத்தையாவின் மனைவி. வார்டில் எனக்கு அடுத்த படுக்கை முத்தையா; இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வெட்டினார்கள். "அண்ணே, அவருக்கு முட்டியையும் எடுத்துட்டாங்கண்ணே."

சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எப்படி என்று கேட்டேன். கொப்புளமாம். லைனருக்குள் ஒரு கொப்புளம். காசு அளவுகூட இல்லையாம். அவருக்கும் என்னைப் போல அங்கே உணர்ச்சி கிடையாது, வலித்தால்தானே தெரியும். பத்து நாளில் எலும்பு வரை போய்விட்டது.

முட்டி இருப்பதால்தான் நான் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக நிற்கிறேன். படி ஏறுகிறேன். முட்டி போனால் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். என் குறிப்பிலும் 'தோல்: நன்று' என்று எழுதியாகிவிட்டது. உண்மையில் நான் இன்று பார்க்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். கிடங்குக்குள் அடுப்படி மாதிரி.

குளியல். நீறு. லைனர். காலுறை 2, மத்தியானம் 3 (கு.கா. சுருங்கிவிட்டது). எட்டு டிக்.
13 மணி நேரம்.
தோல்: நன்று. (பார்க்கவில்லை.)

ஃபாராவின் தாள் குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது, அமுதா தமிழில் எழுதியது:
லைனரைத் தினம் கழுவ வேண்டும். வாசனை இல்லாத சோப்பு.
உள்பக்கம் வெளியே திருப்பித் தேய்க்க வேண்டும். நன்றாக அலச வேண்டும்.
வெயிலில் போடக் கூடாது.
பவுடர், எண்ணெய், லோஷன் எதுவும் கூடாது.
தினம் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும்.

கடைசியைத் தவிர எல்லாம் நடக்கிறது. கண்ணாடி கட்டிலுக்கடியில். அந்த இடத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்காது. அமுதா தினமும் சொல்கிறாள். "ஒரு தடவ பாருங்க லா. கடிக்கவா போகுது?"

கழுவுவது அவள் வேலை. சாயங்காலம் சிவப்பு பேசினில் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவுவாள். ஆனால் ஒரு கிறுக்குத்தனம். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றமாட்டாள். பின்வாசல் வரை தூக்கிப் போய் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றுவாள். சோப்புத் தண்ணீர்! இன்றும் சொன்னேன், செடி செத்துவிடும் என்று. வழக்கம் போல் ஊற்றிவிட்டுத்தான் திரும்பினாள். செடியும் சாகவில்லை, அது வேறு.

நவம்பர் 12, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலை வழக்கம் போல. குளியல், நீறு, லைனர், எட்டு டிக். நாள் முழுக்க வேலை. வலி இல்லை. ஒன்றுமே இல்லை.

மாலை 6.45. லைனரை உருட்டிக் கழற்றினேன். அமுதா வாங்கிக்கொள்ளக் கை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க. இது என்னாது?"

ஈரம். வியர்வை என்றேன். அவள் கட்டிலுக்கடியிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்து பிடித்தாள். முட்டிக்குக் கீழே, முன்பக்கம், குறுக்காக மூன்று கோடு. தோல் உரிந்து, செக்கச்செவேலென்று. நடுக்கோட்டில் நீர் கசிகிறது. யாரோ அளவெடுத்துக் கீறியது போல. என் கால்தான். ஒரு துளி வலி இல்லை. விரலை வைத்து அழுத்தினேன், அப்போதும் இல்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

முத்தையா. முட்டி. வேறொன்றும் ஓடவில்லை.

பிறகு நான் செய்ததையும் எழுத வேண்டும். கத்தினேன். என்ன சோப்பு போட்டாய், பாத்திரம் கழுவுவதைப் போட்டாயா, ஒழுங்காக அலசினாயா, கோடு கோடாக வெந்திருக்கிறதே, என் முட்டி போனால் நீ தூக்கிக்கொண்டு அலைவாயா. பேசினை எட்டித் தள்ளினேன், சமையலறை வரை உருண்டது.

"அதே சோப்புதாங்க" என்றாள். அவ்வளவுதான். மூன்று கோட்டையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் கிளினிக்குக்குப் போன். ஃபாராவே எடுத்தாள். செ.கா. போடக் கூடாது. வெள்ளி காலை 9. லைனரைக் கழுவாமல் அப்படியே பையில் போட்டுக் கொண்டு வர வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

தூறல். மருத்துவ விடுப்பு. செ.கா. மூலையில் சப்பாத்தோடு நிற்கிறது. ஆள் இல்லாமல் கால் மட்டும் வேலைக்குக் கிளம்பி நிற்கிற மாதிரி.

குளியல் நாற்காலியில் உட்கார்ந்து. நீறுக் கிண்ணம் சாமி மேடையில் இல்லை. அலமாரியின் உச்சித் தட்டில் இருந்தது. ஊன்றுகோலில் தொங்கி, எட்டி எடுத்தேன். பூசினேன். இன்று கொஞ்சம் அதிகமாகவே. அமுதா வாசலில் நின்று பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது போல் இருந்தது. பிறகு வந்து ஈரத்துணியால் புண்ணைச் சுற்றித் துடைத்துவிட்டுக் கட்டுப் போட்டாள்.

எதனால்? யோசித்து எழுதியது:
1. சோப்பு.
2. சூடு.
3. லைனருக்கு வயதாகிவிட்டது (ஏழு மாதம்தான்).
4. மத்தியானம் காலுறை மாற்றும் அவசரம்.
5. அ.

ஐந்தாவதை, அமுதாவை, எழுதிவிட்டு அடித்தேன். திரும்ப எழுதினேன்.

மதியம் அவள் தங்கச்சியிடம் போனில் பேசுவது கேட்டது. "நான்தான் சரியா அலசலையாம். ... ம். ... இல்ல, திட்டட்டும். அவருக்குப் பயம். யார்கிட்டதான் காட்டுவாரு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு வீம்பு.

நவம்பர் 14, வெள்ளி

கிளினிக். வாடகைக் காரில். அமுதா மருந்து வரிசையில் நிற்கப் போனாள், உள்ளே நான் மட்டும்.

முதலில் டாக்டர். மேல்தோல்தான் போயிருக்கிறது, எலும்புப் பக்கம் இல்லை. மூன்று வாரம் செ.கா. தொடக் கூடாது. "முட்டி?" என்று கேட்டேன். ஆறினால் முட்டி உங்களுடையது என்றார்.

பிறகு ஃபாரா. லைனரைப் பையிலிருந்து எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, விளக்குக்கடியில் பிடித்தாள்.

"பெடாக் பாக்காய், அங்கிள்?" பவுடர் போட்டீர்களா என்கிறாள்.

சத்தியமாக இல்லை என்றேன். போன மாதமும் கேட்டாள், அப்போதும் இதையேதான் சொன்னேன். குழந்தைப் பவுடர் டப்பாவே எங்கள் வீட்டில் கிடையாது.

கறுப்புத் துணி ஒன்றை எடுத்து லைனரின் உள்ளே துடைத்து என்னிடம் நீட்டினாள். சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்றது எனக்கே கேட்டது. "இனி புக்கான் பெடாக். இனி அபு." இது பவுடர் இல்லை, சாம்பல். சாம்பல் எங்கிருந்து வந்தது, அங்கிள்? வீட்டில் ஏதாவது எரிக்கிறீர்களா?

எனக்கு விளங்கவில்லை. லைனரை வாங்கிப் பார்த்தேன். உள்ளே, துடைக்காத இடத்தில், குறுக்காக மூன்று பட்டை.

ஃபாரா லைனரைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தாள்.

என் கையும் நெற்றிக்குப் போனது. விரலில் அதே சாம்பல்.

நீறு. நான்தான். தினமும் குளித்ததும் தண்ணீரில் குழைத்து நெற்றி, மார்பு, தோள், கை, முட்டி என்று மூன்று விரலால் இழுப்பது பன்னிரண்டு வயதிலிருந்து வழக்கம். வலது பக்கம் முட்டியோடு நிறுத்துவேன். இடது பக்கம் மட்டும் கீழே இன்னொரு முறை. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் காலையிலிருந்து. போனது போகட்டும், இருப்பதையாவது காப்பாற்று என்று கேட்டு. அது காய்ந்ததும் அதன் மேலேயே லைனர்.

பவுடர் கூடாது என்று தாளில் இருக்கிறது. தினமும் அந்தத் தாளைத் தாண்டி வந்துதான் பூசினேன். நீறு பவுடர் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நீறு நீறுதானே.

முன்பு மூன்று, நான்கு மணி நேரம்தான் போட்டேன், தோல் தாங்கியது. வேலைக்குத் திரும்பி மூன்று மாதமாகப் பதின்மூன்று மணி நேரம், வியர்வை, சாம்பல், உரசல். உப்புத்தாள் மாதிரி, என்றாள் ஃபாரா. திட்டவில்லை. "நெற்றியில் தாராளமாக, அங்கிள். லைனருக்குள்ளே மட்டும் வேண்டாம்."

காப்பாற்றச் சொல்லிப் பூசியதே அறுத்திருக்கிறது. அதையும் என் கையாலேயே இழுத்திருக்கிறேன்.

வெளியே அமுதா மருந்துப் பையோடு நின்றாள். "என்ன சொன்னாங்க?" மூன்று வாரம் என்றேன். "எதனாலயாம்?" காரில் ஏறிவிட்டேன். வீடு இருக்கும் தம்போய் வரும் வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 15, சனி

மழை இல்லை. காலையில் பூசவில்லை. குளித்து, நெற்றியைக்கூடத் தொடாமல் வந்து உட்கார்ந்தேன். வெறுமையாக இருந்தது, சட்டை போடாமல் தெருவில் நிற்பது போல.

அமுதா கவனித்தாள்.

பத்து மணிக்கு வெளியே போனவள் புதுச் சோப்போடு வந்தாள். பழைய சோப்பைக் குப்பையில் போட்டாள். "மருந்துக் கடையில கேட்டு வாங்குனேன். தோல் டாக்டரே இதத்தான் சொல்வாங்களாம். இது ஓகே தானே, பாருங்க?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஓகே என்றேன்.

நான் ஒரு அற்பன். இங்கே எழுதுகிறேன், அவளிடம் சொல்ல முடியவில்லை. புதன்கிழமை நான் கத்திய ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் இருக்கும்.

கட்டு மாற்றினாள். அதே மூன்று கோடு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. குளியல். கிண்ணம் இன்னும் அதே உச்சித் தட்டில். எட்டி எடுத்தேன். நெற்றி, மார்பு, தோள், கை, முட்டி. கை தானாகக் கீழே இறங்கியது. கட்டின் மேல் போய் நின்றது.

அமுதாவைக் கூப்பிட்டேன். சொல்லிவிட்டேன். சோப்பு இல்லை, நீ காரணம் இல்லை, நான்தான், தினமும் இங்கே பூசி அதன் மேலேயே லைனர் போட்டது. ஃபாரா துடைத்துக் காட்டினாள்.

அவளுக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கதவில் சாய்ந்துகொண்டாள்.

"தெரியும்ங்க."

எப்படி என்றேன்.

"தினமும் நான்தானே கழுவுறேன். தண்ணி வெள்ளையா வரும். நீறு கரைஞ்ச தண்ணிய சாக்கடையில ஊத்துறதா? அதான் செடிக்குக் கொண்டு போவேன். உள்ள போடக் கூடாதுன்னு எனக்கும் அப்பத் தோணல. நல்லதுன்னுதான் நெனச்சேன். புதன்கிழம அந்த மூணு கோட்டப் பாத்தப்பதான்..."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன். என் குரல் கேட்பதற்கே கேவலமாக இருந்தது.

"எப்படிங்க சொல்றது? ஒரு காலக் குடுத்துட்டு வந்தவரு, அத ஒண்ணத்தான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. அது உங்களப் புண்ணாக்கிருச்சுன்னு என் வாயால சொல்லவா? அதுக்கு நான் சோப்ப மாத்திட்டேன்னு நீங்க திட்டுறதே பரவால்ல, அதான் புதுச் சோப்பும் வாங்குனேன். ஃபாரா பாத்தா கண்டுபிடிச்சிருவான்னு தெரியும். அது வரைக்கும் எட்டக் கூடாதுன்னுதான் கிண்ணத்த மேல வெச்சேன்." அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "நீங்க ஊன்றுகோல்ல தொங்கி எடுக்குறீங்க. நான் என்ன பண்ண?"

மன்னிப்பு என்ற சொல்லை இருபத்தாறு வருடத்தில் அவளிடம் சொன்னதில்லை. இன்று சொன்னேன். அவள் "சரி, சரி" என்றாள். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிப் பழைய இடத்தில், சாமி மேடையில் வைத்தாள். பிறகு கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

கண்ணாடியை நானே பிடித்தேன்.

குளியல்: ஆம்.
நீறு: முட்டியோடு.
லைனர்: இல்லை.
தோல்: மூன்று கோடு. நடுக்கோட்டில் இன்னும் ஈரம்.
பார்த்தேன்.