வாப்பாவின் இரண்டு சீட்டு வண்டி

அதிராம்பட்டினம்
11.6.2023

அன்புள்ள மச்சானுக்கு, ஷமீராவின் ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது.

நேற்று போனில் நீங்கள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “மாமாவோட எம்.ஜி. காரை ஓட வச்சிடலாம் ஷமீ” என்று சொன்னது நீங்கள்தானா? இருபத்தைந்து வருஷமாக அதைக் கோழிக்கூண்டு என்று கிண்டல் செய்தவராயிற்றே!

பினாங்கிலிருந்து வாப்பா கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிய வண்டி அது. இரண்டே சீட்டு. பதினெட்டு வயதில் உப்பளத்துப் பாதையில் எனக்கு ஓட்டப் பழக்கிவிட்டார்கள். நான் வேகமாகப் போனால் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே தவிர, மெதுவாகப் போ என்று சொன்னதில்லை. நம் கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட ஒரு தடவை கூட வாய்க்கவில்லை. வாப்பா மௌத்தான பிறகு வண்டியும் படுத்துவிட்டது. கஜா புயலில் தென்னை விழுந்து கொட்டகைக் கூரை அதன் மேலேயே கிடக்கிறது.

இன்று காலை நானே ஓடுகளை அள்ளிப் போட்டேன். உள்ளே எலிக்கூடு, ஒரு பாம்புச் சட்டை. நாளைக்கு ஒரத்தநாட்டிலிருந்து டிராக்டர் மெக்கானிக் வீரையனை வரச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு எப்படி மச்சான் திடீரென்று இவ்வளவு நல்ல மனசு வந்தது?

உங்கள்
ஷமீரா

சார்ஜா
2.9.2023

அன்பு ஷமீராவுக்கு, ஜாஃபர் சாதிக் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம்.

தினமும் போனில் பேசினாலும், ஆள் கையில் கொடுத்துவிடும் பெட்டிக்குள் கடிதம் வைக்காவிட்டால் எனக்குச் சாமான் அனுப்பிய மாதிரியே இருப்பதில்லை. எதிர்வீட்டு அப்சர் லீவில் வருகிறான். அவனிடம் கார்புரேட்டர் சாமான், கேஸ்கெட், பெட்ரோல் பம்ப் எல்லாம் கொடுத்திருக்கிறேன். இங்கே சாமானியமாகக் கிடைக்காது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன். எல்லாம் உனக்காகத்தான்.

வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. இன்ஜின் நம்பர் தெரிகிற மாதிரி ஒன்று எடு. கூட வேலை செய்கிறவர்கள் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பெயின்ட் மட்டும் அடித்துவிடாதே. பழைய சிவப்பு அப்படியே இருக்கட்டும், அதுதான் அழகு.

அன்புடன்
ஜாஃபர்

அதிராம்பட்டினம்
19.1.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இன்ஜின் சுற்றிவிட்டது! துருப்பிடித்து ஒட்டிக்கிடந்ததை என்ன செய்வதென்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். வீரையன் அலட்டிக்கொள்ளவே இல்லை. “வெள்ளத்துல முங்குன பம்புசெட்டுக்கு என்ன செய்வோமோ அதான் இதுக்கும் அக்கா. டீசலை ஊத்திவச்சிட்டுப் பொறுமையா இருக்கணும். அவசரப்பட்டுச் சுத்துனா ஒடைஞ்சிரும்” என்றார். பதினேழு நாள் ஊறப்போட்டோம். தினமும் விடியலில் ஸுபுஹு தொழுதுவிட்டுப் போய் நான்தான் டீசல் ஊற்றினேன். பதினெட்டாம் நாள் அவர் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார், அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பாவம், எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றிழுக்க வேண்டுமாம். ரப்பர் குழாயின் ஒரு முனையை அதன் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்கவேண்டும். டிராக்டர் சத்தத்திலேயே இருந்து வீரையனுக்குக் காது மந்தம். ஆகவே அந்த வேலை இனி என்னுடையது. என் நகத்தில் போகாத கறுப்பைப் பார்த்துவிட்டு உங்கள் தங்கச்சி ரசியா, “என்ன மதினி, மருதாணி இப்படிச் சிவந்திருக்கு” என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

நீங்கள் அனுப்பிய கார்புரேட்டர் சாமான் பெட்டியை நான் முத்தமிட்டேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

உங்கள்
ஷமீரா

சார்ஜா
6.5.2024

அன்பு ஷமீராவுக்கு,

பிரேக் சாமான் வருகிறது. டயரும் ஏற்பாடு செய்தாயிற்று. வேலை எப்போது முடியும் என்று வீரையனைக் கேட்டுச் சரியாகச் சொல். ஓட ஆரம்பித்த பிறகு ரொம்பத் தூரம் எடுத்துப் போகாதே, எங்காவது உரசிவிடப் போகிறது. இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

ஜாஃபர்

அதிராம்பட்டினம்
25.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இன்று ராஜாமடம் பாலம் வரை போய் வந்தேன். நான்தான் ஓட்டினேன்! வீரையன் பக்கத்தில் உட்கார்ந்து கலிமா மட்டும்தான் சொல்லவில்லை, மற்றபடி அவருக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். கால் எதையும் மறக்கவில்லை மச்சான். கிளட்ச், பிரேக், கியர் எல்லாம் தானாக வந்தது. முக்காட்டைக் காற்று இழுத்தது. மீன் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

நம் மகள் ஃபஹ்மிதா திருவாரூரிலிருந்து போன் செய்து, “உம்மா, வாப்பாதான் உங்களுக்கு இதைச் செஞ்சு குடுத்தாங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன்.

நீங்கள் லீவில் வரும்போது உங்களை உட்காரவைத்து நான் ஓட்டுவேன். பயமாக இருந்தால் கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஷமீரா

அதிராம்பட்டினம்
14.1.2025

மச்சானுக்கு,

நேற்று சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையானவர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எங்க முதலாளி அனுப்புன சாமானெல்லாம் சரியா வந்து சேர்ந்துச்சாம்மா?” என்று கேட்டார்.

எந்த முதலாளி என்றேன். உங்கள் முதலாளியாம். சென்னைக் கடற்கரைச் சாலை வீட்டில் பழைய வண்டிகளாக வாங்கி நிறுத்தியிருக்கிறாராம். “ஓடுற நிலைமைக்கு வந்தா எடுத்துக்கிறோம்னு 2023-லயே சார்கிட்ட பேசியாச்சேம்மா, உங்களுக்குத் தெரியாதா?” என்றார். உங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் காட்டினார்.

தெரியும் என்று சொல்லிவிட்டேன். அந்நிய மனிதர் முன்னால் என் புருஷனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு கொட்டகையில் போய் உட்கார்ந்தேன்.

நீங்கள் கடை கடையாக ஏறி இறங்கவே இல்லை, அப்படித்தானே? போனை நான் எடுக்கமாட்டேன். எழுதுங்கள்.

ஷமீரா

சார்ஜா
27.1.2025

அன்பு ஷமீராவுக்கு,

கோபப்படாமல் படி. வண்டியைக் கொடுத்தால் முதலாளி புதிய கிளைக்கு என்னை மேனேஜராகப் போடுகிறார். ஃபேமிலி விசா, இரண்டு ரூம் ஃபிளாட். இத்தனை வருஷம் கட்டில் மேல் கட்டில் போட்ட ரூமில் படுத்தவன் நான். உன்னை இங்கே கூட்டி வரத்தான் இதெல்லாம். கேட்டால் நீ கொடுக்கமாட்டாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. வண்டி என் பேரில்தானே இருக்கிறது? மாமா நம் கல்யாணத்தன்று எனக்கு எழுதித் தந்ததுதானே? அடுத்த மாதம் பத்தாம் தேதி வண்டியை ஏற்ற லாரி வரும். சாவியைக் கொடுத்துவிடு. முதலாளியிடம் என் மானத்தைக் காப்பாற்று.

ஜாஃபர்

அதிராம்பட்டினம்
12.2.2025

ஜாஃபர் சாதிக் அவர்களுக்கு,

லாரி வந்தது. ஏற்ற வேண்டாம், தஞ்சாவூர் வரை நானே ஓட்டி வருகிறேன் என்றேன். டிரைவர் தயங்கினார். நான் கேட்கவில்லை. நான் முன்னால், லாரி பின்னால்.

பட்டுக்கோட்டை தாண்டியதும் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒரு மணி கூட நசுங்காமல் ஒதுங்கி ஓட்டினேன். ஒரத்தநாட்டில் வீரையன் பட்டறை வாசலில் நின்றார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார். “ஏன்க்கா?” என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். வண்டியை எடுத்தேன். பிறகு வழி நெடுகிலும் அழுதேன், ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை. தஞ்சாவூர் பைபாஸில் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பினேன்.

சார்ஜாவுக்கு வருகிறேன் என்று நான் பத்து வருஷம் கேட்டேன். ரூம் இல்லை என்றீர்கள். கேட்பதை நிறுத்திப் பத்து வருஷமாகிவிட்டது. அது உங்களுக்குத் தெரியவே இல்லை. வண்டி போனது கூட ஆறிவிடும். ஒன்றரை வருஷம் உங்கள் கடிதங்களைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, இந்த வயதில் என் புருஷனுக்கு என் மேல் ஆசை வந்துவிட்டது என்று பூரித்துக் கிடந்தேனே, அதை நினைத்தால்தான் கூசுகிறது. கேட்டால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்காமல் என் கையாலேயே அதைச் செய்துகொடுக்க வைத்தீர்கள்.

நம்மூரில் வீட்டைப் பெண்ணுக்கு எழுதுவார்கள். சக்கரம் உள்ளதெல்லாம் மாப்பிள்ளை பேரில் இருப்பதுதான் மரியாதை என்று வாப்பா வண்டியை உங்களுக்கு எழுதினார்கள். உங்கள் பேரில் இருந்ததை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். அதற்காக நான் ஜமாஅத்தில் போய் நியாயம் கேட்டு நிற்கப் போவதில்லை.

வீடு என் பேரில் இருக்கிறது. பெருநாளைக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்கள் என்று அப்சர் சொன்னான். உங்கள் துணிமணி, இரண்டு பெட்டி, தொழுகை விரிப்பு எல்லாவற்றையும் ரசியா வீட்டில் இறக்கியாயிற்று. ஏர்போர்ட்டிலிருந்து நேராக அங்கே போய்விடுங்கள்.

மர்ஹூம் ஹபீப் முகம்மது மகள்
ஷமீரா