மீன் நாற்றம் எதைக் குறிக்கிறது?

ஆம்பூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தூபாவுக்கு,

ஜெஸி எழுதுவது. உனக்கும், உன் வீட்டுக்காரருக்கும், இன்னும் வெளியே வராத அந்தச் சின்ன ஆளுக்கும் என் சலாம். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. அதைச் சொல்லத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் மஸ்கட்டுக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். என் போன் எங்கள் துறைத் தலைவர் சாருடைய மேஜை டிராயரில் இருக்கிறது. ஆதாரமாம். அம்மாவுடையது பட்டன் போன். உன் பிரசவத்துக்காக உன் மாமியார் ரஃபத் ஜஹான் ஆன்ட்டி நாளை இரவு விமானம் ஏறுகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிப்போய் அவர்கள் பையில் ஓர் ஓரம் கேட்டு வாங்கினேன். ஊறுகாய் பாட்டிலுக்கும் குழந்தைத் துணிக்கும் நடுவில் இதை வைக்கிறார்களாம். எண்ணெய் பட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நீ நிக்காஹ் முடிந்து படிப்பை விட்டுப் போன பிறகு எங்களுக்கு ஆங்கிலம் எடுக்க ரோஷினி மேடம் என்று ஒருவர் வந்திருக்கிறார். காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறார். கத்த மாட்டார், மட்டம் தட்ட மாட்டார். அவர் நடத்திய பாடத்தில் ஒரு கதை. குளிர்ந்த ஒரு கடலோர ஊரில் மீன் வெட்டுகிற ஒருவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கிற நாளில் அப்பா வேலையிலிருந்து நேராக வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறார். அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறாள். கடைசியில் அழுது, அவர் கையை முத்தமிட்டு, திருந்திவிடுகிறாள். அவ்வளவுதான்.

அந்தக் கதை என்னைச் சும்மா விடவில்லை, தூபா. ஆனால் சும்மா விடாததற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. எங்கள் வகுப்பில் எதுவும் அதுவாக இருக்கக் கூடாது. மழை பெய்தால் துக்கம். விளக்கு எரிந்தால் நம்பிக்கை. கதவு மூடியிருந்தால் அதற்கு ஐந்து மதிப்பெண். மீன் மட்டும் மீனாக இருந்துவிட முடியுமா? “மீன் நாற்றம் எதைக் குறிக்கிறது? விளக்குக” என்று வீட்டில் எழுதிவரச் சொன்னார்கள். கைடில் பதில் இருந்தது: மீன் நாற்றம் நேர்மையான உழைப்பின் குறியீடு, மகளின் கண்ணீர் மனந்திருந்துதலின் குறியீடு. வகுப்பே அதைக் காற்புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுத்தது. எல்லோருக்கும் நல்ல மதிப்பெண். அதற்குக் காப்பி என்று பெயரில்லை, தயாரிப்பு என்று பெயர்.

நான் மட்டும் என் புத்தியைக் கேட்டேன். மீன் நாற்றம் மீன் நாற்றத்தைத்தான் குறிக்கிறது என்று ஆரம்பித்தேன். உழைப்பின் குறியீடு என்று எழுதுகிறவர் அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சோறு சாப்பிட்டிருக்க மாட்டார் என்று எழுதினேன். அந்த மகள் அழுததை நம்புகிறேன், திருந்தியதை நம்பவில்லை, மறுநாளும் அவர் மேல் அதே நாற்றம்தானே அடித்திருக்கும் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோல் தூக்குகிறார், இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்தும் அது போகாது, எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருகிற வழக்கத்தை யார் கொண்டுவந்தார்களோ அவர்களுக்கு நான் ஞாயிறுதோறும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதும்போது அது யாரோ ஒரு பெண்ணைப் பற்றியது மாதிரி இருந்தது. அந்தத் தைரியம்தான்.

செவ்வாய்க்கிழமை ரோஷினி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இது ரொம்ப நல்லா இருக்கும்மா, அதனாலதான் கேக்கறேன், எந்த ஆப்ல எடுத்த?” என்றார். நானே எழுதினேன் என்றேன். சிரித்தார். “நம்ம பொண்ணுங்க இப்டி எழுத மாட்டாங்கம்மா” என்றார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? என் பதிலைத் தன் போனில் அடித்து, இது இயந்திரம் எழுதியதா என்று போனிடமே கேட்டார். போன் ஆமாம் என்றது. கைடைப் பார்த்து எழுதின வகுப்பு மொத்தமும் யோக்கியம். சொந்தமாக எழுதின நான் திருடி. இரண்டு வருஷம் இலக்கியம் படித்ததற்கு இதுதான் எனக்குக் கிடைத்த பாடம். திட்டியிருந்தால்கூடத் திருப்பிப் பேசியிருப்பேன். முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே பொய்க்காரி என்றால் என்ன செய்வது?

வியாழக்கிழமை அப்பாவை வரச் சொன்னார்கள். பாதி ஷிப்டில் அனுமதி கேட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தார். அவர் உள்ளே வந்ததும் துறைத் தலைவர் சார் எழுந்து ஃபேன் வேகத்தைக் கூட்டினார். வெயிலுக்காகவும் இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. அவருக்கும் விளங்க வேண்டும் என்று மேடம் என் பதிலை வரி வரியாகத் தமிழில் சொன்னார். நல்ல எண்ணம்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுண்ணாம்புத் தொட்டி வந்தது. சோப்பு வந்தது. சர்ச் வந்தது. மேடம் இரக்கமான குரலில், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வகுப்பில் அவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியதே இல்லை.

“உங்க பொண்ணு இத எழுதியிருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். “இன்னாம்மா, நீ எழுதினதா?” என்றார்.

என் இடத்தில் இருந்து யோசித்துப் பார், தூபா. என்னைக் காப்பாற்ற ஒரே ஒரு கேள்வி போதும். எங்கள் சர்ச்சில் யார் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள், அப்பா எத்தனை தடவை சோப்பு போடுகிறார் என்று எந்தப் போனுக்குத் தெரியும்? கேட்டால் நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் அப்பா முகத்துக்கு நேராக, அதெல்லாம் என் மனசில் இருப்பதுதான் என்று சொல்லி ஜெயிக்க வேண்டும். “இல்லப்பா, போன்ல எடுத்தது” என்றேன். சாருக்கு நிம்மதி. போனை வாங்கி டிராயரில் போட்டார். அப்பா டேனரிக்குத் திரும்பிப் போனார்.

நாளை திங்கட்கிழமை நான் ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், அப்பா கையெழுத்தோடு. கொடுத்தால் இந்தப் பாடத்தில் மட்டும் பூஜ்யம், என் பெயர் துறையில் குறித்து வைக்கப்படும். கொடுக்காவிட்டால் விசாரணை, பரீட்சை எழுத விடுவார்களா என்பதே சந்தேகம். பி.எட். முடித்து ஆங்கிலம் நடத்த வேண்டும் என்று நான் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். காப்பி அடித்தவள் என்று பெயர் வாங்கியவளை எந்தப் பள்ளிக்கூடம் கரும்பலகை முன்னால் நிறுத்தும்? அம்மாவிடம் அழுதேன். அவர் ஷூ கம்பெனியிலிருந்து வந்த களைப்பில், “எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாரு, பேஜார் வேணாம்” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. எனக்குத்தான் யார் மேலாவது கோபம் வரவில்லை என்றால் மூச்சு முட்டுகிறது.

இன்று மத்தியானம், சர்ச் முடிந்து சாப்பிட்ட பிறகு, அந்தக் கடிதத்தையும் பேனாவையும் அப்பா முன்னால் வைத்தேன். தமிழில் படிக்கச் சொன்னார். “இந்தப் பதிலை நான் எழுதவில்லை” என்று படித்தேன். கேட்டுக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்து மூடியைப் போட்டார்.

“நீ எழுதினதுதாம்மா. சர்ச்ல அந்தப் பக்கம் உக்காந்து நீ இன்னா நெனக்கறன்னு இந்தப் பக்கம் உக்காந்துனு இருக்கறவனுக்குத் தெரியாதா” என்றார்.

அவர் தொடர்ந்து, “நெனச்சத நெனச்ச மாதிரியே எழுதிட்ட. எழுதலன்னு நான் கையெழுத்து போட மாட்டேன்” என்றார். அப்புறம், நாளைக்கு நைட் ஷிப்டுக்கு மாற்றிக்கொள்வதாகவும், காலையில் என்னோடு கல்லூரிக்கு வந்து சாரிடமே சொல்வதாகவும் சொன்னார். என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “எம் பொண்ணுதான் எழுதினா, அதுல இருக்கற ஆளு நான்தான்னு சொல்றேன்” என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஒரு வார்த்தை திட்டவில்லை, தூபா. அவர் கத்தியிருக்க வேண்டும். நாலு நாள் தெரிந்தே வைத்துக்கொண்டு, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டு, மோர் ஊத்தட்டுமா என்று கேட்டுக்கொண்டு எப்படி இருந்தார்? அந்தக் கதையில் வருகிற மகளுக்குக் கையை முத்தமிட்டதும் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு முத்தமிடவும் தெரியவில்லை, அழவும் வரவில்லை. கோபம்தான் வருகிறது. மேடம் மேல், அந்த ஃபேன் மேல், கைடு அச்சடித்தவன் மேல். அதற்கப்புறம் யார் மேல் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடிதத்தை வாங்கிப்போக ஆன்ட்டி ஆள் அனுப்பிவிட்டார்கள், முடிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. தனியாகப் படி ஏறி இறங்காதே. ஆண்டவர் பிரசவத்தில் உன்னையும் குழந்தையையும் பத்திரமாகப் பிரித்துக் கொடுப்பார், நான் தினமும் ஜெபிக்கிறேன். பதிலுக்கு நீ எனக்காக ஒரு துஆ செய்ய வேண்டும். மதிப்பெண்ணுக்காக வேண்டாம், சாருக்கு நல்ல புத்தி வரவும் வேண்டாம். நாளைக் காலை அந்த நேரத்துப் பஸ்ஸில் கூட்டம் நெரியும். எனக்கும் அப்பாவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட் கிடைக்க வேண்டும் என்று மட்டும் கேள்.

உன் தோஸ்த்,
ஜெஸி.