பேண்டு அறைக்குப் பதினைந்து பேர்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. வீட்டில் நானும் உன் கணவனும் நலம். நலமில்லாதது இங்கே பள்ளியில் உன் பேண்டு வாத்திய அறைதான். வெளியூர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத உன்னை இப்படி எழுதிக் கலங்கடிப்பது நியாயமா என்று மூன்று நாள் யோசித்தேன். இன்னும் தெளிவில்லை.

நீ ஆறு வருடம் வளர்த்த பேண்டில் இப்போது ஒன்பது பேர்தான் மிச்சம். எல்லோரும் கடைசி வகுப்பு. புதிதாகப் பதினைந்து பேராவது சேராவிட்டால் அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கெடு அடுத்த வெள்ளிக்கிழமை. நீ போகும்போது அறைச் சாவியை என்னிடம் கொடுத்தாயல்லவா, அதனால் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசி ஆள் சேர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. முப்பத்தைந்து வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களோடு மட்டும் பேசிய ஆள் நான்.

நம் ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு, நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். எதையும் ஒளிக்கக் கூடாது என்று, உதடு வெடிக்கும், தோள் வலிக்கும், வெயிலில் நிற்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே படித்துத் தொலைத்தேன். ஆள் சேக்க வந்தாரா, ஆள விரட்ட வந்தாரா என்று உடற்பயிற்சி ஆசிரியர் என் காதில் விழும்படியே கேட்டார். பிள்ளைகளில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

பதற்றத்தில் தாளை மடித்துவிட்டு, அணிவகுத்து நடந்தே காட்டுகிறேன் என்று டிரம்மை மாட்டிக்கொண்டேன். வீட்டுக் கூடத்தில் தரைக்கல்லை எண்ணி எண்ணி ஒரு வாரம் பழகியிருந்தேன். ஆனால் நல்ல காரியம் என்றதும் கால் தானாக வலதை எடுத்து வைத்துவிட்டது. தாத்தா, லெஃப்ட்டு, லெஃப்ட்டு என்று முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கத்தினாள். மாற்றப் போய் இரண்டு கால்களும் பின்னிக்கொண்டன. கூரை பிய்ந்துவிடும்போல் சிரிப்பு. அவள் விறுவிறுவென்று மேடையேறி, என் காலப் பாத்து வாங்க தாத்தா என்று பக்கத்தில் நடந்தாள். அவள் காலைப் பார்த்து நான் அடிக்க, நம் ஒன்பது பேரும் பின்னால் ஊத ஆரம்பித்தார்கள். அவள் மேடையேறியதைக் கீழிருந்து கேலி செய்த இருவர் வந்து சேர்ந்துகொண்டார்கள். பிறகு இன்னும் சிலர். அதற்குமேல் நான் எண்ணவில்லை.

மாலைக்குள் பதினாறு பெயர் வந்துவிட்டது. அன்றிலிருந்துதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படிவம் வாங்கும்போது அந்தச் சிறுமி, டீச்சர் திரும்பி வருவாங்கல்ல, நீங்க நடத்துனா நாங்க நேரா சுவத்துலதான் போய் முட்டுவோம் என்றாள். வருவாங்க என்று சொல்லிவிட்டேன். வாய் தவறியல்ல, தெரிந்தேதான் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்த ஒரு சொல்லை நம்பிப் பதினாறு வீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊதினா பல்லு தூக்கிக்குமா சார் என்று ஒரு தாய் போன் செய்து கேட்டார். மருமகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தூக்குமா?

பேண்டையே கட்டிக்கிட்டு அழு என்று, நீ ஊரைவிட்டுப் போவதற்கு முன் நடந்த சண்டையில் என் மகன் உன்னிடம் சொன்னது தவறு. அப்போதே கண்டித்திருக்க வேண்டும். செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். போன வாரம், தோல் கிழிந்த பெரிய டிரம்மை அவனே பைக்கில் கட்டிக்கொண்டு போய்ச் சரிசெய்து வந்தான்.

படிவத்தில் பிள்ளைகளின் பெயர்களை மையில் எழுதிவிட்டேன். பயிற்சியாளர் என்ற இடத்தில் உன் பெயரைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். அங்கே உனக்கு நல்ல மரியாதை, பெரிய மைதானம் என்று தெரியும். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுகிறேன், வருத்தப்பட மாட்டேன். வியாழனுக்குள் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல், அம்மா. நான் எடுக்காவிட்டால் அவன் எடுப்பான். அவனிடமே சொன்னாலும் சரி.

எந்த ஊரில் இருந்தாலும் மூச்சும் கையும் தளராமல் நன்றாக இரு.

ஆசிகளுடன்,
மாமா