முன் சீட்டில் தொங்கும் சரம்

இன்றைக்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் மல்லிகை வாசனைதான் முகத்தில் அடித்தது. நீ உட்காரும் முன் சீட்டுக் கம்பியில் புதுச் சரம் சுற்றியிருக்கிறார்கள். காய்ச்சலில் நீ போய் ஒரு மாதம் ஆகிறது. அந்த சீட்டில் யாரும் உட்காருவதில்லை. மரியாதையாம். எனக்கு வயிறு எரிகிறது.

நீ இருந்தபோது இதே வாய்கள் என்ன பேசின? "காது கேக்காதவளுக்கு இன்னாத்துக்கு முன் சீட்டு? டிரைவராண்ட கதை பேசவா போறா?" உதட்டைப் பார்த்தே நீ புரிந்துகொண்டாய். முதல் ஷிப்ட் முடிந்து ஒரகடம் தாண்டினால் பஸ் மொத்தமும் தூங்கும். டிரைவர் ஸ்டாப் பெயரைக் கத்தினால் எழுந்து இறங்குவோம். உனக்கு அந்தக் கத்தல் கிடையாது. அதனால் நீ மட்டும் ரோட்டைப் பார்த்தபடி கொட்டக் கொட்ட விழித்திருப்பாய்.

ஒருநாள் போனில் எழுதி நீட்டினாய். "நிம்மதியா அரை மணி நேரம் தூங்கணும். எழுப்புவியாக்கா?" நம் இருவருக்கும் மணிமங்கலம்தான் ஸ்டாப். "தூங்குடி, நான் கீறேன் இல்ல" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன். என்னை நம்பி முன் சீட்டை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் வந்து படுத்தாய்.

அன்றைக்கென்று நாத்தனார் போன் செய்தாள். சண்டை. பேசிக்கொண்டே இறங்கி, பேசிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டேன். ஷெட்டில் டிரைவர் ஒரு குரல் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பூட்டிவிட்டார். அந்த வெயிலில் நீ கண்ணாடியில் அடித்த அடியைக் கேட்டு வாட்ச்மேன் ஓடிவந்து திறந்தாராம்.

மறுநாள் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய் என்று நினைத்தேன். நீயோ என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கன்னத்தில் கை வைத்துக் காட்டினாய். நீ தூங்கு, நான் எழுப்புகிறேன் என்று. அதன்பிறகு தினமும் படப்பை தாண்டியதும் என் தோளில் இரண்டு தட்டு. நானும் வெட்கமில்லாமல் தூங்கினேன். நீ மறுபடி அந்த பஸ்ஸில் கண்ணை மூடவேயில்லை.

இன்றைக்குச் சரத்தைப் பிய்த்து வெளியே எறிந்துவிட்டு உன் சீட்டில் உட்கார்ந்தேன். "செத்தவ சீட்டுக்கா அது" என்றாள் ஒருத்தி.

"உசுரோட இருக்கசொல்லோ வுட்டீங்களாடி?" என்றேன். என்னையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

இப்போது எனக்கும் பஸ்ஸில் தூக்கம் வருவதில்லை. படப்பை தாண்டியதும் தோள் தானாக விழித்துக்கொண்டு காத்திருக்கிறது. உன்மேலும் எனக்குக் கோபம்தான். அன்றைக்கே நீ என் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் எப்போதோ ஆறியிருக்கும்.