ஓருயிரும் கொல்லாமல்

செவிலிமேடு, காஞ்சிபுரம்
புதன்கிழமை

அன்புள்ள ருக்ஸானா,

இங்கே எல்லோரும் நலம். ஹாம்பர்க் குளிர் உன்னையும் கொஞ்சம் விட்டுவைத்திருக்கும் என்று எண்ணி எழுதுகிறேன்.

போனில் பேசத்தான் நினைத்தேன். முடியவில்லை. நான் வந்ததிலிருந்து வீட்டில் எந்த அறையும் காலியாக இல்லை, அதனால்தான் இந்த மின்னஞ்சல். பார்க்க வருகிறார்கள். என்னைத்தான். நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து பார்க்கிறார்கள். தாமலிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர், "இன்னா வைரஸ்மா, கம்ப்யூட்டர்ல வருதே, அதுவா?" என்று கேட்டார். இல்லை, மூளைக்காய்ச்சல் வைரஸ் என்றேன். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனார்.

உன் அப்பா நேற்று வந்தார். மருந்துக்காக நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய விருது, அழைப்பிதழில் என் பெயர் மட்டும் இருக்கிறது என்று சண்டைக்குத்தான் வந்தார். அது எங்கள் சமணச் சங்கம் நடத்தும் பாராட்டு விழா என்று அப்பா விளக்கினார். "அப்படின்னா பொன்னாடையாவது என்னுது நைனாரே. நம்ம கடைப் பட்டுலதான் போத்தணும்" என்றார் உன் அப்பா. எங்கள் ஆட்களிலேயே கல்யாணத்துக்குப் பட்டு உடுத்துகிறவர்கள் உண்டு. அப்பா உடுத்துவதில்லை. பூச்சியைக் கொதிக்கவைத்து எடுப்பது ஆகாது என்றார். "காஞ்சிபுரத்துல குந்திக்கினு பட்டு வேணாம்னு சொல்ற ஒரே ஆளு நீங்கதான்" என்று உன் அப்பா. "விழா பருத்திக்குன்றத்துல, பாய். பருத்திதான் போத்தணும்" என்று அப்பா. இருவரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இதுதான்.

விருது அறிவித்த வாரம் சங்கச் செயலாளர் அப்பாண்டைராஜ் மாமா ஹைதராபாத் ஆய்வுக்கூடத்துக்கே போன் செய்தார். ஒரு நாளிதழில் 'வைரஸைக் கொல்லும் மருந்து' என்று போட்டிருந்தார்கள். சங்கத்தில் அதைப் பற்றிப் பெரிய விவாதம். வைரஸ் ஓரறிவுயிரா? ஆம் என்றால், அதைக் கொன்றவளை எப்படிப் பாராட்டுவது? இல்லை என்றால் தடையே இல்லை. இரண்டு கூட்டம் போட்டும் தீராமல் என்னையே கேட்டுவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. "சொல்லுமா. அது உயிரா, இல்லியா?"

நான் உண்மையைத்தான் சொன்னேன். செல்லுக்கு வெளியே அது உயிர் இல்லை மாமா, ஒரு பொருள். உப்பைப் போலப் படிகமாகக்கூட ஆகும். உள்ளே போன பிறகு அதை என்னவென்று சொல்வது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. அவர் பின்பாதியைக் கேட்கவில்லை. "போதும்மா. போதும். வயித்துல பால வாத்த" என்று வைத்துவிட்டார்.

இப்போது தெருமுனையில் பேனர் நிற்கிறது. பாஸ்போர்ட் படத்தில் இருக்கும் அதே திகைத்த முகம். கீழே, 'ஓருயிரும் கொல்லாமல் ஊருயிர் காத்த எங்கள் குலமகள்.'

வைரஸ் உயிரா என்று இரவு பகலாகப் பேசியிருக்கிறார்கள், ருக்ஸானா. எலிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றாத மனிதர்கள். எங்கள் வீட்டில் எலி அகப்பட்டால் அப்பா கூண்டோடு தூக்கிப்போய்ப் பாலாற்றங்கரையில் திறந்துவிடுவார். அது மணலில் ஓடி மறையும்வரை நின்று பார்த்துவிட்டு வருவார்.

நம் கட்டுரையின் மூன்றாவது படம் உனக்குத் தெரியும். இரண்டு கோடுகள். மருந்து கொடுத்த எலிகளின் கோடு மேலேயே நிற்கிறது. கொடுக்காதவற்றின் கோடு படிப்படியாக இறங்கித் தரையைத் தொடுகிறது. அது இறங்கினால்தான் மேலே நிற்பதற்கு அர்த்தம். மேலே நின்றவற்றையும் கடைசியில் மூளையைப் பார்ப்பதற்காக... வேண்டாம், உனக்குத் தெரிந்ததுதான். நீ வைரஸின் வடிவத்தைக் கண்டாய். மிச்சம் என் கைகள் செய்தவை.

வாழ்த்து மடலை விருது பெற்றவரின் தகப்பனார் வாசிக்கவேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். அப்பா ஒத்திகை பார்க்கிறார். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது. 'தேவகுமார் ரத்னமாலா தம்பதியரின் அருமை மகள் நித்யா.' பிறகு பேனரில் இருக்கும் அந்த வரி. அந்த வரியில் மட்டும் குரல் உயர்கிறது. நான் விலங்கியல் எடுத்தபோது, பெண்ணைத் தவளை அறுக்க அனுப்புகிறான் என்று பேசினார்கள். அன்றிலிருந்து சங்கக் கூட்டங்களில் அப்பா பின்வரிசையில்தான் உட்கார்வார். இப்போது அவருக்கு முன்வரிசையில் நாற்காலி.

விழா சனிக்கிழமை. நான் என்ன செய்யட்டும்? எழுது.

உன்
நித்யா


வெள்ளிக்கிழமை

அன்புள்ள ருக்ஸானா,

உன் பதில் நேற்றே வந்தது. அப்பாவிடம் முதலில் சொல், வீட்டிலேயே சொல், மேடைவரை கொண்டுபோகாதே என்கிறாய். சரி. முயன்றேன்.

முதலில் அம்மாவிடம். அம்மா தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். திரும்பவில்லை. "ஊசியாலயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வலிக்குமா?" கடைசியில் மயக்கம் கொடுத்துவிடுவோம், தூங்கிவிடும் என்றேன். "தூங்க வெச்சிட்டு..." என்றார்.

துணியைப் பிழிந்தார். வேறு குரலில் பேசினார். "அப்பாகிட்ட விழா முடிஞ்சி சொல்லு. சக்கரை ஏறிக்கினு கீது அவருக்கு." அதற்குள் அவர் மேடையில் பொய்யை வாசித்துவிடுவாரே என்றேன். "அவர் நம்பறதைத்தான படிக்கிறாரு? அவருக்கு அது பொய்யில்ல. நீ வாயத் தொறந்தாதான் பொய்யி."

யோசித்துப் பார்த்தேன். அம்மா சொன்னதில் ஓட்டை இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

மாலையில் அப்பாவிடம் சொன்னேன். விழாவுக்கான வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்தபோது வேட்டியும் மடிந்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். எங்கே என்று கேட்க அம்மாவுக்கும் துணிவில்லை. அப்பாண்டைராஜ் மாமா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே சொன்னார். "அந்த வரிய எடுத்துடலாம்னேன். காரணம் கேட்டாங்க. சொல்லல. அச்சாயிடுச்சி, கண்ணாடி போட்டாச்சின்னுட்டாங்க."

அவ்வளவுதான். என்னைப் பார்க்கவில்லை. கோபம் என்றால் எனக்குப் புரிந்திருக்கும்.

இன்று குளியலறையிலிருந்து வாசிக்கும் சத்தம் கேட்கவில்லை. கூடத்தில் சென்னையிலிருந்து வந்த உறவினர்கள். ஒரு பெண், தன் மகளும் என்னைப்போல் ஆகவேண்டும் என்று என் கையைப் பிடித்துக் குழந்தையின் தலையில் வைத்தாள். இந்தக் கையையா? எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

நித்யா


திங்கட்கிழமை

அன்புள்ள ருக்ஸானா,

விழா நன்றாக நடந்ததா என்று கேட்டிருந்தாய். நடந்தது.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டாகவேண்டும். அதனால் எல்லாவற்றையும் அவசரமாக நடத்தினார்கள். வரவேற்புரை, குத்துவிளக்கு, பருத்திப் பொன்னாடை. உன் அப்பா முன்வரிசையில், வெள்ளைத் தொப்பியோடு, எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார்.

அப்பா மைக் முன்னால் வந்தார். சட்டமிட்ட மடலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நிதானமாக வாசித்தார். அந்த வரி வந்தது. அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் பேனரில் அந்த வரிதான் ஆள் உயரத்துக்கு நின்றது. யாரோ சத்தமாக, "முக்கியமான வரிய வுட்டுட்டீங்களே நைனாரே!" என்றார். சிரிப்பு. அப்பாண்டைராஜ் மாமா எழுந்து வந்து, அன்போடுதான், விரலால் அந்த இடத்தைக் காட்டினார்.

அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். 'ஓருயிரும்' என்று தொடங்கினார். நின்றார். மறுபடி, 'ஓருயிரும்.' மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. சந்தோஷத்தில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. தட்டத்தட்ட அவர் இன்னும் சிறியவராக ஆனார்.

எழுந்து போய் மைக்கை வாங்கினேன். தைரியம் என்று நீ எழுதிவிடாதே. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வரி எனக்குப் பொருந்தாது என்றேன். வைரஸ் உயிர் இல்லை என்று சொன்னேன், அது உண்மை. ஆனால் மருந்து பிள்ளைகளுக்குப் போவதற்கு முன் எலிகளுக்குப் போகிறது. எலிகள் செத்தன. என் கையால். வார்டில் பிள்ளைகள் கண்விழித்தார்கள், அதுவும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு வராது என்றேன்.

உன் அப்பா மட்டும் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியாததுபோல் இருந்தது. தொப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

யாராவது திட்டியிருக்கலாம். அப்பாண்டைராஜ் மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார். "பொழுது சாயுது. எல்லாரும் சாப்பிடப் போங்க" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். பொழுது யாருக்காகவும் நிற்காது அல்லவா? நானும் பந்தியில் உட்கார்ந்தேன். என் இலையை யாரும் ஒதுக்கவில்லை. எல்லாம் பரிமாறினார்கள். இலையை மட்டும் பார்த்துப் பரிமாறினார்கள். வெளியே வரும்போது மாமா பொன்னாடையை என் கையில் கொடுத்தார். நாற்காலியில் விட்டுவந்திருந்தேன். "எடுத்துக்கினு போமா. பருத்திதான்." அதில் கேலி இருந்ததா, தெரியவில்லை. இரண்டு நாளாக அந்தக் குரலை நினைத்துப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை அப்பா பேசினார். ஒரே கேள்வி. "எலி இல்லாம ஆவாதா?" இப்போதைக்கு ஆகாது என்றேன். தலையாட்டினார். இனிமேல் செய்யமாட்டேன் என்று வாக்குக் கேட்பார் என்று நினைத்தேன். பதிலைத் தயாராக வைத்திருந்தேன். மழை தொடங்கினால் காய்ச்சல் வரும், வார்டுகள் நிரம்பும், இந்த மருந்து இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

அவர் கேட்கவில்லை. கோயிலுக்குப் போனார். வந்து, பஸ் நேரம் சொல்கிறவர்போல் சொன்னார். "நீ வேலைக்குப் போற நாளெல்லாம் நான் ஒரு வேளைதான் சாப்பிடுவேன். சாமி முன்னாடி சொல்லியாச்சி."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சர்க்கரைக்கு மாத்திரை, மாத்திரைக்குச் சாப்பாடு. "மயங்கி வுழுந்தா யாரு தூக்கறது?" நான் கத்தினேன். இது தண்டனை என்றேன், மிரட்டல் என்றேன். என்னைப் பார்த்தார். விழாவுக்குப் பிறகு முதல்முறையாக. "உன்ன நிறுத்தச் சொன்னனா? நீ செய்யறத செய்யி. அதுல என் பங்கு இது."

அதில் துளிக்கூடக் கோபம் இல்லை, ருக்ஸானா. கோபம் இருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். இதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான் நிற்கிறார்.

நாளை ஹைதராபாத் ரயில். புதன்கிழமை வேலைக்குப் போவேன். போகாமல் இருக்க முடியாது. அன்று சாயங்காலம் அம்மா தட்டு வைப்பார். அப்பா உட்காரமாட்டார். இனி ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. கையால், தமிழில். உன் கையெழுத்தை இப்போதும் மெச்சுவார். நித்யாவை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள், இப்போதெல்லாம் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுது. நான் எழுதினால் என் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். நீ சொன்னால் நம்புவார். நம்பினால் சாப்பிடுவார்.

சனிக்கிழமை நான் மேடையில் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் நினைவிருக்கும். இருந்தாலும் எழுது.

உன் மேசைக்கும் நுண்ணோக்கிக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். உன் அப்பாவை வழியில் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டதாகச் சொன்னார்.

உன்
நித்யா