நீலக் கதவுப் படம்

நவம்பர் 4, செவ்வாய்

நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. ரொசாலினா லக்சம்பர்கிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பழக்கிவிட்டுப் போனாள். "தனியா பொலம்பாதீங்கப்பா, இதுகிட்ட பேசுங்க, தேதி போட்டு அதுவே எழுதி வைக்கும்" என்றாள் மகள். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னைத் திட்டி எழுதியிருந்தாலும் தெரியாது.

அமாந்தியோவின் காப்பிக் கடையில் இன்றும் அதே கேள்வி. "விட்டலினோ, இந்த வாரம் என்னய்யா பாக்கலாம்?" கூரைமேல் ஆடு ஏறும் படத்தைச் சொன்னேன். ஓடிடியில் எல்லாரும் மேல் வரிசையோடு நின்றுவிடுகிறார்கள். துப்பாக்கி, துப்பாக்கி, முத்தம். நான் ஒரேயடியாகக் கீழே போய்விடுவேன். யாரும் எட்டிப் பார்க்காத படமெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. எனக்கு ரசனை அதிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுக் குறைந்த படமாகப் பார்த்து எடுக்கிறேன், அவ்வளவுதான். பேச்சு குறைந்தால் கீழே ஓடும் எழுத்தும் குறையும்.

நவம்பர் 7, வெள்ளி

இன்று ஒன்று அகப்பட்டது. படத்தின் முகப்பில் நீலக் கதவு.

எந்த ஊரோ, மலை. ஒரு கிழவி, நிறைய ஆடுகள். நடிப்பு இல்லை, நிஜமான கிழவி. ஒரு குளிர்காலம் முழுக்க அவள் பின்னாலேயே கேமரா போகிறது. ஆடு குட்டி போடுகிறது, கிழவி தன் மேல்சட்டையைக் கழற்றிக் குட்டியைச் சுற்றுகிறாள். பையன் ஒருவன் வருகிறான், மூட்டையோடு பஸ் ஏறிப் போகிறான். மகனாக இருக்கும். கடைசியில் படம் எடுக்க வந்தவர்களும் கிளம்புகிறார்கள். வாசலில் நின்று அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறாள். கதவைச் சாத்துகிறாள். முடிந்தது.

கீழே எழுத்து வந்தது. போய்விட்டது.

என்ன சொன்னாள்?

நவம்பர் 8, சனி

மறுபடி பார்த்தேன். கோபம் இல்லை. புருவம் அசையவில்லை. சாத்தும்போது கை மரத்தின்மேல் கொஞ்சம் தங்குகிறது. "போய்த் தொலைங்க" என்பவளுக்கு அப்படிக் கை தங்காது. "இனி வராதீங்க" என்றாளா? மகனுக்குச் சேதி சொல்லி அனுப்பினாளா?

என் மனைவி லுசிந்தா உயிரோடு இருந்திருந்தால் வாசித்திருப்பாள். அவளைக் கண்டதே அப்படித்தான். எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில் அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. தெரிந்தவர்கள் படத்துக்குக் கீழே ஓடும் எழுத்தை முணுமுணுவென்று வாசிப்பார்கள், ஜெபமாலை சொல்வதுபோல. லுசிந்தா தன் அம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்த நான் பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அம்மா என்னை முறைத்தாள். லுசிந்தா கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

கடைசி எழுத்தைப் போட்டோ எடுக்கலாம் என்றால் போனை நீட்டுவதற்குள் ஓடிவிடுகிறது, படத்தை நிறுத்தினால் வேறு என்னவோ வந்து மறைத்துவிடுகிறது. முகப்பை மட்டும் போட்டோ எடுத்து ரொசாலினாவுக்கு அனுப்பினேன், நீ பார்த்துச் சொல் என்று. தேடிப் பார்த்துவிட்டு, "இந்த நாட்டுல அந்தப் படமே வரலப்பா" என்றாள். ஒரே கம்பெனி, ஒரே காசு, ஆனால் அங்கே இல்லையாம். அதோடு, முகப்பில் சிவப்பாக என்னவோ போட்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டேன். "முப்பதாம் தேதியோட எடுத்துடுவாங்கன்னு போட்டிருக்கு" என்றாள்.

எடுத்துவிட்டால் அப்புறம் யாரிடம் கேட்பேன்?

நவம்பர் 11, செவ்வாய்

புனிதர் சன் மார்த்தின் திருநாள். கடையில் வறுத்த செஸ்ட்நட் கொட்டை, புது ஒயின். நல்ல நேரம் பார்த்துத் தூண்டில் போட்டேன். "ஒரு படம் இருக்கு, பாக்காதவன் மனுசனே இல்ல" என்றேன். இத்தனை பேரில் ஒருவனாவது பார்த்துவிட்டு அந்த வார்த்தையைத் தானாகச் சொல்ல மாட்டானா?

"பேரு என்ன?" என்றான் பக்கத்து மேசை செஃபெரினோ.

"பேரு கெடக்கட்டும். நீலக் கதவு போட்டிருக்கும், கடைசி வரிசை."

"பேரு சொல்லாம பொண்ணு பாக்க அனுப்புற மாதிரி இருக்கேய்யா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதியிருப்பதை வாசி என்று யாராவது நீட்டினால், மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்பேன். வீட்டில் கண்ணாடியே கிடையாது.

நவம்பர் 14, வெள்ளி

செஃபெரினோ பார்த்தது வேறு நீலக் கதவு. "கதவத் தொறந்தா ரெண்டு பொணம்யா! என் பொண்டாட்டி தனியா கக்கூஸ் போக மாட்டேங்கிறா." அமாந்தியோ முதல் ஆட்டிலேயே தூங்கிவிட்டானாம்.

முடிதிருத்தும் எர்மீனியோ மட்டும் கடைசிவரை பார்த்திருக்கிறான். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"கடைசியில அந்தக் கெழவி?"

"கதவச் சாத்துறா."

"அதுக்கு முன்னாடி?"

"வாசல்ல நிக்கிறா."

"நின்னு?"

"அட, பாக்கச் சொன்னவன் நீதானே! என்னைய எதுக்குப் பரீட்ச வைக்கிற?"

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

மழை. ஒருவேளை சாபமாக இருக்குமோ?

நவம்பர் 20, வியாழன்

ரொட்டிக் கடை வரிசையில் எதிர்வீட்டு ஒதீலியா அம்மாள். அவளும் என்னைப்போல் துணையை இழந்தவள், நாக்கு மட்டும் அரம். அக்கம்பக்கத்தார் தட்டாமல் திறந்து வரட்டும் என்று எங்கள் தெருவில் எல்லாரும் சாவியை வெளிப்பக்கம் கதவிலேயே விட்டுவைப்பார்கள். லுசிந்தா போனதிலிருந்து நான் மட்டும் உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள். "என்ன விட்டலினோ, சாவி உள்ளதானா? பொன்னு பொதச்சு வெச்சிருக்கீங்களோ?"

பிறகு, "நீங்க சொன்ன படத்த எர்மீனியோ சொன்னான். பாத்தேன். அழுதுட்டேன்" என்றாள்.

"எதுக்கு அழுதீங்க?"

"கடைசியில அவ சொல்றாளே, அதுக்கு."

"என்ன சொல்றா?"

"முடிவச் சொன்னா பாக்குறவங்களுக்கு என்ன மிச்சம்?" பின்னால் நிற்பவர்களைக் கண்ணால் காட்டினாள்.

"நான் பாத்தவன்தானே."

"பாத்தவருக்கு எதுக்குச் சொல்லணும்?"

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. நான் ரொட்டி வாங்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

தெரிஞ்சிடுச்சு அவளுக்கு. இந்நேரம் எர்மீனியோ கடை வரைக்கும் போயிருக்கும். எழுத்து தெரியாதவன்தான் நமக்குப் படம் சொல்றான்னு சிரிப்பாங்க — சிரிக்கட்டுமே! நான் என்ன திருடினேனா? அமாந்தியோ கடைக்குப் போகல. பூசைக்கும் போகல.

அந்தக் கெழவி என்னதான் சொன்னா?

நவம்பர் 27, வியாழன்

சாயங்காலம் ஒதீலியா கதவைத் தட்டினாள். கையில் அத்திப்பழ கேக்.

"என் டிவி கெட்டுப்போச்சு. அந்தப் படத்த எடுக்குறதுக்குள்ள இன்னொரு தடவ பாக்கணும். இங்க பாக்கலாமா?"

உள்ளே விட்டேன். லுசிந்தாவின் நாற்காலியில் உட்காரவில்லை, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. எழுத்த வாய்விட்டு வாசிக்காம என்னால படம் பாக்க முடியாது. என் வீட்டுக்காரர் தலையணைய எடுத்து அடிப்பாரு. பொறுத்துப்பீங்களா?"

"பொறுத்துக்கிறேன்" என்றேன்.

வாசித்தாள். கரகரத்த குரல், இடையிடையே கேக். நான் நினைத்ததில் பாதி தப்பு. அந்தப் பையன் மகன் இல்லை, கூலிக்கு மேய்க்க வந்தவன். மகன் படத்தில் வரவே இல்லை. அவனுக்காகத்தான் ஒரு தட்டு எப்போதும் கூடுதலாக வைக்கிறாள். பூனைக்கு என்று நினைத்திருந்தேன்.

கடைசி. கிழவி வாசலுக்கு வந்தாள். ஒதீலியா மெல்லும் வாயை நிறுத்தினாள்.

"தாழ்ப்பாள் போட மாட்டேன். திரும்பி வந்தா தட்டாதீங்க, தள்ளுங்க."

கதவு மூடியது.

"இதுக்கா அழுதீங்க?" என்றேன்.

"நீங்க இப்ப என்ன பண்றீங்களாம்?" என்றாள்.

டிசம்பர் 1, திங்கள்

நீலக் கதவு இருந்த இடத்தில் வேறு முகப்பு. எடுத்துவிட்டார்கள்.

கடைக்குப் போனேன். யாருக்கும் எதுவும் தெரியாது. "எங்கய்யா போன? படம் சொல்ல ஆளில்லாம துப்பாக்கியே பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றான் செஃபெரினோ. பிணம் இல்லாத படமாகச் சொல்லச் சொன்னான்.

வரும் வழியில் ஒதீலியாவின் ஜன்னல் திறந்திருந்தது. அவள் டிவி கணீரென்று பாடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 3, புதன்

கீழ் வரிசையில் புதிதாக ஒன்று. படகு, படகில் ஒரு மாடு. முன்னோட்டத்தில் நிறையப் பேசுகிறார்கள், எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்பு என்றால் தாண்டிப் போயிருப்பேன். மாட்டை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரிய வேண்டும். கடையில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

சாவியை வெளிப்பக்கம் கதவிலேயே விட்டிருக்கிறேன்.