ஐயர் கல்லுக்குப் பின்னால் ஒரு பாஸ்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
1997, ஆவணி

என் அருமை இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் என்னை 'இஞ்சாரும்' என்பீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நமக்குப் பழக்கமில்லை, இனிப் பழகவும் போவதில்லை. இந்தப் பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்தில் எல்லோரும் படமும் நாலு வரிப் பாட்டும் போடுவார்கள். ஆண்டுத் திவசத்துக்கு உங்கள் தம்பி அதைப் போடுவார். எனக்கு அதுவரை பொறுமையில்லை. இப்போதே ஒரு செய்தி சொல்ல வேண்டும், ஊர் கேட்டால் கேட்கட்டும்.

இஞ்சாருங்கோ, நான் பாஸ் மீன் பிடித்துவிட்டேன்!

ரூஜ் ஆற்றில், நீங்கள் வழக்கமாக நிற்கிற அதே வளைவில், உங்கள் தூண்டிலால். ஐயர் கல்லுக்குப் பின்னால். பறவைகளின் எச்சம் வழிந்து அந்தக் கல்லின் நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடு விழுந்திருக்குமே, அதனால்தானே அந்தப் பெயரை வைத்தீர்கள். கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

சனிக்கிழமைகளில் நீங்கள் இடுப்பில் ஈரச் சாரத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது நான் கேட்பது நினைவிருக்கிறதா? "என்னப்பா, இண்டைக்குப் பாசோ பெயிலோ?"

"பாஸ்தான். ஆனா விட்டிட்டன்."

"பாசான ஆள் சேர்ட்டிபிக்கற்றைக் கிழிச்சு ஆத்தில போட்டிட்டு வருமோ? நான் இஞ்ச புளியும் கரைச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறன்!"

நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு நாளாவது விளக்கம் சொன்னீர்களா?

தை மாதம் நீங்கள் போனீர்கள். பனி கரைந்ததும் சிவம் அண்ணை வீட்டுக்கு வந்தார். உங்களோடு ஒரே ஃபாக்டரியில் வேலை செய்து, உங்களோடே ஆற்றுக்கும் வந்த மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே மெல்லக் கதையைத் தொடங்கினார்.

"தங்கச்சி, அந்தத் தூண்டில் சும்மா கிடந்து பழுதாப் போகும். உங்களுக்கு உது சரிவராது. நான் கொண்டு போறன்."

அது அறைக் கதவுக்குப் பின்னால் நின்றது. நீங்கள் சாத்தி வைத்தபடியே. அதையும் கொடுத்தால் நீங்கள் இரண்டாம் முறை வீட்டை விட்டுப் போவதுபோல எனக்குப் பட்டது. வாய் முந்திவிட்டது.

"மீன்பிடிச் சீசன் திறக்கட்டும் அண்ணை. இந்தச் சமர் வெயில் முடியிறதுக்குள்ள ஐயர் கல்லில நான் ஒரு பாஸ் பிடிக்காட்டில், நீங்களே கொண்டு போங்கோ."

அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சேர்ட்டில் ஊற்றுண்டது. எனக்கு ரோசம் வந்துவிட்டது.

மீனை ஏய்க்கிற பொய்ப் பூச்சி கட்ட எனக்குத் தெரியும்தானே. உங்கள் விரல்களுக்கு அந்தப் பொடி வேலை வராது என்று முதல் நாளே என்னிடம் தந்துவிட்டீர்கள். கோயில் மண்டபத்தில் காவடி ஆடி முடிந்ததும் நிலத்தில் கொட்டிக் கிடக்கிற மயிலிறகைப் பொறுக்கி வந்து, கொக்கியில் சுற்றி, என் தையல் நூலால் இறுக்குவேன். தண்ணீருக்குள் அது பச்சையாக மினுங்கும். முருகன் தந்த பூச்சி என்று வெள்ளைக்காரர்களுக்கும் சொல்லித் திரிந்தீர்கள்.

ஆனால் வீசத் தெரியாது. அப்பார்ட்மென்ட் கார்ப் பார்க்கில் நின்று பழகினேன். கொக்கிக்குப் பதில் நுனியில் கம்பளித் துண்டு. பாரம் பூச்சியில் இல்லை, தடித்த நூலில்தான் இருக்கிறது என்று பிடிபடவே பல நாள் போனது. மகள் பல்கனியில் நின்று கெஞ்சினாள். "அம்மா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கினம்!" பார்த்தால் பார்க்கட்டும் என்று வீசினேன். கம்பளி போய் ஒரு காரின் ஏரியலில் சுற்றிக்கொண்டது. அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

சீசன் திறந்த சனிக்கிழமை சிவம் அண்ணையின் வான் வண்டியில் போனோம். அவர் நெஞ்சு மட்டும் ஏறுகிற ரப்பர் உடுப்போடு இறங்கினார். "ஆத்தில இறங்கினால் கால் நனையவேணும்" என்று நீங்கள் சொல்வீர்களே, அதனால் நான் மகளின் ட்ராக் பான்ட்டும் உங்கள் பழைய சப்பாத்தும் போட்டு அப்படியே இறங்கினேன். குளிர் முழங்காலைக் கவ்வியது. கல்லெல்லாம் பாசி. இந்தத் தண்ணீருக்குள்தானா இவ்வளவு காலமும் நின்றீர்கள்?

அன்று ஒன்று கடித்தது. கடித்ததும் நான் விடாப்பிடியாக இழுத்தேன். டப்பென்று நூல் அறுந்து, மீனும் போச்சு, பூச்சியும் போச்சு. சிவம் அண்ணை என் கையிலிருந்த தூண்டிலை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

அன்றிரவு எனக்கு உங்களில்தான் கோபம். எதற்கெடுத்தாலும் ஒரே மருந்துதானே உங்களிடம். சூப்பர்வைசர் சண்டைக்கு வந்தாலும் அதுதான். வீட்டை விட்டுக் கிங்ஸ்டனில் போய்ப் படிக்கப் போகிறேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றபோதும் அதுதான். "விட்டுப் பிடியும், இஞ்சாரும். விட்டுப் பிடியும்." எனக்கு இறுக்கிப் பிடிக்கத்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து சேரும்வரை எதையாவது விட்டிருந்தால் நாங்கள் மிஞ்சியிருப்போமா, சொல்லுங்கோ?

போன சனிக்கிழமை மறுபடியும் போனேன். கோடை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ஐயர் கல்லுக்கு மேலாகப் பூச்சியை விட்டேன், நீரோட்டம் அதைப் பின்பக்கம் கொண்டுபோனது. நூல் நின்றது. பிறகு தண்ணீர் வெடித்தது. நீங்கள் சொன்னதெல்லாம் புளுகில்லையப்பா! ஆற்றுக்கு மேலே முழு உடம்போடு எழும்பித் தலையை உதறியது.

என்னை அறியாமல் கத்திவிட்டேன். "இஞ்சாருங்கோ!"

"என்ன தங்கச்சி, என்னையோ?" என்று கரையிலிருந்து சிவம் அண்ணை கேட்டார்.

"உங்களை இல்லை அண்ணை!"

கை இறுக்கப் போனது. அப்போதுதான் உங்கள் குரல் காதில் விழுந்தது. விட்டேன். நூல் சுற்றிய சில்லு கிறுகிறுவென்று சுழல, அது போகுமட்டும் போகட்டும் என்று நூலைக் கொடுத்தேன். களைத்து நின்றதும் கொஞ்சம் எடுத்தேன். திரும்ப ஓடியது, திரும்ப விட்டேன். இப்படியே எவ்வளவு நேரமோ தெரியாது, கடைசியில் என் முழங்காலடியில் வந்து சரிந்தது. கீழ்த்தாடைக்குள் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கினேன். வெண்கல நிறம், சிவந்த கண், என் முழங்கை நீளம். அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று கேட்காதீர்கள்.

சிவம் அண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டார். "அவருக்குக்கூட இவ்வளவு பெரிசு மாட்டேல்லைத் தங்கச்சி." அதை நான் ஆற்றுக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

புளி வீட்டில் தயாராகத்தான் இருந்தது. ஆனாலும் மீனைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்தேன். அது ஒரு மூச்சு எடுத்தது, வாலை ஆட்டியது. கையைத் திறந்தேன்.

"ஐயோ, விட்டிட்டியளே!"

"பாஸ்தானே அண்ணை. ஆனா விட்டிட்டன்."

சொன்னபிறகுதான் அது உங்கள் வாய்ச்சொல் என்று தெரிந்தது. நீங்கள் ஏன் ஒருநாளும் விளக்கம் சொல்லவில்லை என்பதும் விளங்கியது.

திரும்பி வரும்போது சிவம் அண்ணை தூண்டில் கதை எடுக்கவில்லை. வாசலில் வானை நிறுத்திவிட்டு, "எனக்கும் அந்த மயிலிறகுப் பூச்சி ரெண்டு கட்டித் தருவியளோ?" என்று மட்டும் கேட்டார். கட்டிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், கொஞ்சம் அலையவிட்டு.

மீனின் பல் அரம் மாதிரி உரசியதில் கட்டைவிரல் இன்னும் எரிகிறது. உங்கள் விரலும் இப்படித்தான் சொரசொரவென்று இருக்கும். அந்த விரலோடுதான் இதை எழுதுகிறேன்.

மகளுக்குக் கிங்ஸ்டனில் இடம் கிடைத்துவிட்டது. வருகிற மாதம் நானே காரில் கொண்டுபோய் விடுவேன். அழமாட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கையைத் திறப்பேன். தூண்டில் கதவுக்குப் பின்னால்தான் நிற்கும். அடுத்த வருடம் சீசன் திறக்கிற சனிக்கிழமை, கால் நனைய ஐயர் கல்லடியில் நிற்பேன். நீங்கள் கூப்பிட்டால் கேட்பேன்.

பாசாகிவிட்ட,
உங்கள் இஞ்சாரும்